வேலி இல்லாத காவல்

ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கத்து வாடகை வீடுகளில் நடக்கும் ஜெபக்கூட்டங்களில் ஒரு பகுதிக்குத் தனிக் கவனம் உண்டு. அதற்குச் சாட்சி சொல்வது என்று பெயர். கடவுள் தனக்குச் செய்த நன்மையை ஒருவர் எழுந்து நின்று மற்றவர்களுக்குச் சொல்வார். நைட் ஷிஃப்ட் முடித்து வரும்போது லாரி உரசியும் கீறல்கூட இல்லாமல் தப்பியதை ஒருவர் சொல்வார். காண்ட்ராக்ட் ஆட்களை நிறுத்திய பட்டியலில் தன் பெயர் மட்டும் இல்லாமல் போனதை இன்னொருவர் சொல்வார். எல்லாரும் ஸ்தோத்திரம் என்பார்கள். பட்டியலில் பெயர் இருந்த ஒருவரும் அதே பாயில் உட்கார்ந்திருப்பார். அவரும் ஸ்தோத்திரம் என்பார்.

கூட்டம் முடிந்து அவர் அறைக்கு நடந்து போகும்போது மனதில் ஓடும் கேள்வியைத்தான் நாம் இன்று எடுத்துக்கொள்கிறோம். கடவுள் தம்மை நம்பியவர்களைக் காக்கிறார் என்று கிறிஸ்தவர்கள் சொல்கிறார்களே, அவர் எதை, எதிலிருந்து காக்கிறார்? இதைக் கேட்க நாம் விசுவாசியாக இருக்க வேண்டியதில்லை. ராமானுஜர் பிறந்த ஊர் பக்கத்தில்தான் இருக்கிறது. இந்தக் கேள்வி அந்த ஊருக்கும் பழையதுதான், அங்கேயும் போவோம். டீ சொல்லியாயிற்று, அவசரமில்லை.

அநேகமாக எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. காவல் என்றதும் நாம் வேலியை நினைத்துக்கொள்கிறோம். உள்ளே இருப்பவனுக்கு ஒன்றும் ஆகாது, ஏதாவது ஆகிவிட்டால் அவன் உள்ளேயே இல்லை என்று அர்த்தம். ஜனவரி முதல் தேதி நள்ளிரவு ஆராதனையில் பல சபைகளில் வாக்குத்தத்த அட்டை கொடுப்பார்கள். அந்த ஆண்டு முழுவதும் பற்றிக்கொள்ள ஒரு வசனம். 91-ஆம் சங்கீதத்துக்கு அதில் தனி மரியாதை. சுற்றிலும் மனிதர்கள் சாய்ந்துகொண்டிருந்தாலும், கடவுளிடம் அடைக்கலம் புகுந்தவனைக் கொள்ளைநோய் நெருங்காது, தூதர்கள் அவனைத் தாங்கிக்கொள்வார்கள் என்ற போக்கில் செல்லும் பாட்டு அது. கொரோனா காலத்தில் அது எத்தனை கைப்பேசிகளுக்குப் போயிருக்கும் என்று எண்ணிப் பார்க்க முடியாது. அனுப்பியவர்களிலும் பெற்றவர்களிலும் சிலர் பிழைக்கவில்லை.

இதே சங்கீதத்தைச் சுவிசேஷக் கதைக்குள் மேற்கோள் காட்டுகிறவன் யார் என்று பார்த்தால் கொஞ்சம் திடுக்கிடும். சாத்தான். இயேசுவை எருசலேம் ஆலயத்தின் உச்சியில் நிறுத்தி, கீழே குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று எழுதியிருக்கிறதே என்கிறான். இயேசு குதிக்கவில்லை. கடவுளைப் பரீட்சை பார்க்கக் கூடாது என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார். அதாவது, வசனம் பொய் என்று அவர் சொல்லவில்லை. அந்த வசனத்தை விபத்துக் காப்பீடாகப் படிப்பதைத்தான் மறுத்தார்.

வேலி என்ற சொல்லும் வேதாகமத்தில் ஓர் இடத்தில் முக்கியமாக வருகிறது. அதைச் சொல்வதும் சாத்தானே. யோபு என்ற நல்ல மனிதன் கடவுளுக்குப் பயந்து வாழ்கிறான். சும்மாவா பயப்படுகிறான், அவனையும் அவன் வீட்டையும் சுற்றி நீர் வேலி போட்டிருக்கிறீர், அதை எடுத்துவிட்டுப் பாரும் என்கிறான் சாத்தான். வேலி எடுக்கப்படுகிறது. மாடு, ஒட்டகம், பிள்ளைகள், உடம்பு என்று ஒவ்வொன்றாகப் போகிறது. அந்தப் புத்தகம் முழுவதும் ஓடும் கேள்வி இதுதான்: வேலிக்காகத்தான் இவன் கடவுளை வைத்துக்கொண்டிருந்தானா?

யோபைப் பார்க்க மூன்று நண்பர்கள் வருகிறார்கள். ஏழு நாள் பேசாமல் கூடவே உட்கார்ந்திருக்கிறார்கள். அதோடு எழுந்து போயிருந்தால் நல்ல நண்பர்களாகவே இருந்திருப்பார்கள். பிறகு வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருப்பாய் என்கிறார்கள். நம் பகுதியிலும் அந்த நண்பர்கள் உண்டு. 2014 நவம்பரில் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. ஆயிரக்கணக்கானவர்கள் வேலையை இழந்தார்கள். வரிப் பிரச்சினை, செல்போன் சந்தையின் மாற்றம், கைமாறிய நிறுவனம் என்று காரணங்கள் எங்கெங்கோ இருந்தன. ஒரு ஆலை மூடியதற்கு அங்கே வேலை பார்த்த ஒரு பெண்ணின் ஜெபக்குறைவு காரணமாக முடியாது. வேலிக் கணக்கை நம்புகிறவர்களால் அப்படித்தான் கணக்குப் போட முடியும். இந்தத் தவறான புரிதல் வெறும் அறிவுப் பிழை இல்லை, அடிபட்டவரை இரண்டாம் முறை அடிக்கும் பிழை. அதனால்தான் இதில் இவ்வளவு நேரம் நிற்கிறோம்.

இந்த யோபின் கதை தமிழ்நாட்டில் ஒருவருக்குச் சொல்லப்பட்டது, அதன் விளைவு 2022-இல் ரோம் வரை போனது. தென்மாவட்டங்களிலிருந்து இங்கே வேலைக்கு வந்தவர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். 1712-இல் நட்டாலத்தில் பிறந்தவர் நீலகண்ட பிள்ளை. திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவிடம் அரண்மனை உத்தியோகம். 1741-இல் குளச்சல் போரில் பிடிபட்ட டச்சுப் படைத்தலைவன் டிலனாய் அதே மன்னரின் படைக்குப் பயிற்சி தரும் ஆளாக மாறியிருந்தான். இருவருக்கும் பழக்கம் ஏற்பட்டது. சொத்து இழப்பும் குடும்பத் துயரமும் சேர்ந்து நீலகண்டரை வாட்டிய நாட்களில் டிலனாய் அவருக்கு யோபின் கதையைச் சொன்னான் என்பது மரபு. 1745-இல் வடக்கன்குளத்தில் அவர் ஞானஸ்நானம் பெற்றுத் தேவசகாயம் ஆனார்.

எந்தக் கதையைக் கேட்டு அவர் வந்தார் என்று கவனிப்போம். நீ வந்தால் நஷ்டம் தீரும் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை. எல்லாம் போன ஒருவனின் கதையைத்தான் சொன்னார்கள். அதற்கேற்ற வாழ்க்கைதான் அமைந்தது. புதிய நம்பிக்கையோடு, சாதி பாராமல் எல்லாரோடும் பழகியதும் அரண்மனைக்குப் பொறுக்கவில்லை. 1749-இல் சிறைப்பட்டார். மூன்று ஆண்டுகள் அடியும் அவமானமும். எருமை மேல் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள் என்கிறது மரபு. 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி அருகே காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம். 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். துறவியோ குருவோ அல்லாத, குடும்பஸ்தரான இந்தியர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் முறை.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடலாம். அவர் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், பிற்காலத்தில் கோவிலுக்குள்ளேயே சாதி வாரியாக மக்களைப் பிரிக்கும் சுவர் இருந்தது. பெரிய தகராறுக்குப் பிறகுதான் அது இடிக்கப்பட்டது. பகை நிறைந்த உலகம் என்று விசுவாசிகள் பேசும்போது, அந்த உலகம் கோவில் வாசலோடு நின்றுவிடுகிறது என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, தேவசகாயத்தைக் கடவுள் காத்தாரா? வேலிக் கணக்குப்படி இல்லை. இதைப் புரிந்துகொள்ள வேதாகமத்தில் ஒரே ஒரு அதிகாரம் போதும்: அப்போஸ்தலர் நடபடிகள் 12. ஏரோது ராஜா இயேசுவின் சீடன் யாக்கோபைப் பட்டயத்தால் கொல்கிறான். அது ஒரே வரியில் முடிந்துவிடுகிறது. அடுத்து பேதுருவைப் பிடித்துச் சிறையில் போடுகிறான். இரவில் தூதன் வந்து எழுப்ப, சங்கிலி கழன்று விழுகிறது, இரும்புக் கதவு தானாகத் திறக்கிறது, தூதன் அவனை வெளியே கொண்டுவருகிறான். இது விரிவாக, கொஞ்சம் சிரிப்போடும் சொல்லப்படுகிறது. அவன் விடுதலைக்காக ஜெபித்துக்கொண்டிருந்தவர்களே, அவன் வந்து கதவைத் தட்டும்போது நம்ப மறுக்கிறார்கள்! ஒரே சபை, ஒரே ராஜா, ஒரே காலம். ஒருவன் செத்தான், ஒருவன் தப்பினான். யாக்கோபின் விசுவாசம் குறைவு என்று எழுதியவர் ஒரு சொல்கூடச் சொல்லவில்லை. தப்பிய பேதுருவும் பின்னாளில் ரோமில் கொல்லப்பட்டான் என்பது சபை மரபு.

நம் கம்பெனி பஸ் தினமும் போய்வரும் தூரத்திலேயே இதே கதை கல்லாக நிற்கிறது. அப்போஸ்தலர் தோமா கி.பி. 72-இல் சென்னையில் கொல்லப்பட்டார் என்பது இங்கத்திய கிறிஸ்தவர்களின் நெடுங்கால நம்பிக்கை. வரலாற்றாசிரியர்களுக்கு இதில் உறுதியான சான்று போதாது. ஆனால் மரபு சொல்லும் விதம் நமக்கு உதவும். சின்னமலைக் குகையில் ஒளிந்திருந்தவர், தேடி வந்தவர்களிடமிருந்து பாறையில் இருந்த துளை வழியாகத் தப்பினார். தப்பிப் போன பரங்கிமலையில் ஈட்டியால் குத்தப்பட்டார். போர்த்துக்கீசியர் இரண்டு இடத்திலும் கோவில் கட்டினார்கள். தப்பிய மலைக்கும் கும்பிடு, சாகடிக்கப்பட்ட மலைக்கும் கும்பிடு. ஒன்றில் கடவுள் இருந்தார், மற்றதில் இல்லை என்று பக்தர்கள் யாரும் நினைப்பதில்லை.

இப்போது ராமானுஜரிடம் வருவோம். சோழ மன்னன் ஒருவனின் பகையால் அவர் வெள்ளை உடுத்திக்கொண்டு மேல்கோட்டைப் பக்கம் போக வேண்டியிருந்தது என்று வைணவ குருபரம்பரைக் கதைகள் சொல்லும். அவருடைய காவி உடையை அணிந்து, அவராகவே அரசவைக்குப் போனவர் அவருடைய சீடர் கூரத்தாழ்வான், காஞ்சிபுரத்துக்கு அருகிலுள்ள கூரத்துக்காரர். கூடப் போனவர் வயதான பெரிய நம்பி. இருவரும் கண்ணை இழந்தார்கள். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே உயிர் விட்டார். பின்பு காஞ்சி வரதரிடம் கண் கேள் என்று ராமானுஜர் சொல்ல, கூரத்தாழ்வான் வேறொன்று கேட்டார்: தம்மைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் தமக்குக் கிடைக்கும் கதியே கிடைக்க வேண்டும். குருவுக்கு உயிர் தப்பியது, சீடனுக்குக் கண் போயிற்று. பெருமாள் கைவிட்டது யாரை என்று அந்த மரபும் கேட்டுப் பார்த்திருக்கிறது. கிறிஸ்தவமும் வைணவமும் தரும் விடை ஒன்று என்று நான் சொல்ல வரவில்லை. நல்லவனுக்கு அடி விழக்கூடும் என்பதை இந்த மண் முன்பே ஏற்றுக்கொண்டு யோசித்திருக்கிறது, அவ்வளவுதான்.

அப்படியானால் கிறிஸ்தவர்கள் சொல்லும் காவலில் காக்கப்படுவது எது? ஷாப் ஃப்ளோரில் நாம் போடும் ஹெல்மெட்டை எடுத்துக்கொள்வோம். மேலிருந்து போல்ட் விழுவதை அது நிறுத்தாது. தோளில் பட்டால் வலிக்கத்தான் செய்யும். எது போனால் ஆளே போய்விடுமோ அதை மட்டும் அது காக்கிறது. கிறிஸ்தவ நம்பிக்கையில் அப்படிக் காக்கப்படுவது கடவுளோடுள்ள உறவு. பேதுருவின் முதல் நிருபம் சின்ன ஆசியாவில் சிதறி, அந்நியராய் வாழ்ந்த விசுவாசிகளுக்கு எழுதப்பட்டது. நீங்கள் கடவுளின் பலத்தால் காக்கப்படுகிறீர்கள் என்கிறது முதல் அதிகாரம். அடுத்த வரியிலேயே, பலவிதச் சோதனைகளால் துக்கப்படுகிறீர்கள் என்கிறது. எழுதியவருக்கு இரண்டும் முரண் இல்லை. இயேசுவும் கடைசி இரவு ஜெபத்தில் சீடர்களை உலகத்திலிருந்து எடுத்துவிடும் என்று கேட்கவில்லை, தீமையிலிருந்து காத்துக்கொள்ளும் என்றே கேட்டார். பாபிலோனில் அக்கினிச் சூளைக்கு முன் நின்ற மூன்று வாலிபர்கள் ராஜாவிடம் சொன்னதும் இதுவே. எங்கள் கடவுளால் எங்களைக் காப்பாற்ற முடியும், காப்பாற்றாவிட்டாலும் உன் சிலையை வணங்க மாட்டோம். காப்பாற்றாவிட்டாலும் என்று சொல்ல முடிந்ததே, அந்த மனம்தான் காவலின் உள்ளே இருந்தது.

இன்னொரு பக்கமும் பார்க்க வேண்டும். இந்தப் பகுதியில் ஒரு விசுவாசிக்கு உலகம் எவ்வளவு பகையாக இருக்கிறது? 2008-இல் ஒடிசாவின் கந்தமாலில் கிறிஸ்தவர்களின் கிராமங்கள் எரிந்தன. 2019 ஈஸ்டர் அன்று இலங்கையின் மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்து ஞாயிறு பள்ளிக் குழந்தைகள் உட்பட பலர் இறந்தார்கள். அவற்றுக்குத்தான் உபத்திரவம் என்ற சொல் பொருந்தும். சிப்காட் சாலையில் பெரும்பாலும் இருப்பது அசௌகரியம். வீக் ஆஃப் ஞாயிற்றுக்கிழமை வராது. வீடு கொடுப்பவர், பாட்டு ஜெபம் எல்லாம் கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். ஆயுத பூஜை அன்று மெஷினுக்குப் பொட்டு வைத்து, பொரியும் கடலையும் லைன் முழுக்கக் கைமாறும்போது வாங்குவதா வேண்டாமா என்று ஒரு நிமிடம் தடுமாற்றம் வரும். இது 2,000 வருடப் பழைய தடுமாற்றம். கொரிந்து நகரத்து விசுவாசிகளுக்கு அப்போஸ்தலர் பவுல் இதைப் பற்றியே பக்கம் பக்கமாக எழுதினார். சிலை என்பது ஒன்றுமில்லை, ஆனால் பக்கத்தில் இருப்பவனின் மனசாட்சியைப் பார் என்பது அவர் சொன்னதன் சாரம். இன்றும் ஒருவர் வாங்கிச் சாப்பிடுவார், ஒருவர் கைகூப்பி மறுப்பார். இரண்டு பேரும் மறுநாள் அதே லைனில்தான் நிற்பார்கள்.

அசௌகரியம் என்று சொல்லித் தள்ள முடியாத ஒன்றும் உண்டு, அது தாலுகா அலுவலகத்தில் இருக்கிறது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கத்துக் கிறிஸ்தவர்களில் தலித் மக்கள் கணிசம். 1950-ஆம் ஆண்டு குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியினராகக் கருத முடியாது என்றது. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் இன்னும் வெளியே. தமிழ்நாட்டில் அவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். தனியார் ஆலையில் இட ஒதுக்கீடு இல்லாததால் கம்பெனி கேட்டில் இந்த வித்தியாசம் தெரியாது. பிள்ளையின் கல்லூரி, அரசு வேலை, ஊராட்சித் தனித்தொகுதி என்று வரும்போது தெரியும். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் பாதுகாப்பும் அதோடு போகிறது. சேரியில் வாழும் தலித் கிறிஸ்தவரை யாரும் கிறிஸ்தவர் என்பதற்காகத் தெருவில் வேறு மாதிரி நடத்துவதில்லை, காகிதம் மட்டும் வேறு மாதிரி நடத்துகிறது. இதனால் பதிவேட்டில் ஒரு மதமும் வீட்டில் ஒரு மதமுமாக வாழ்கிறவர்கள் உண்டு. அவர்களைக் குறைசொல்லும் துணிச்சல் எனக்கு இல்லை.

இந்த நிலைமையில் உண்மையாக வாழ்வது எப்படி இருக்கும்? பாபிலோனுக்குக் கொண்டுபோகப்பட்ட தானியேலைப் பார்க்கலாம், சிங்கக் கெபிக்கு முன்பிருந்த தானியேலை. அந்நிய தேசம், அந்நிய மொழி, அவர்கள் வைத்த புதுப் பெயர். எல்லாவற்றையும் ஏற்றுக்கொண்டவன், சாப்பாட்டு விஷயத்தில் மட்டும் மேற்பார்வையாளனிடம் பணிவாக, பத்து நாள் சோதித்துப் பாருங்கள் என்று கேட்டான். கலவரம் செய்யவில்லை. பின்னாளில் பொறாமைக்காரர்கள் அவனுடைய வேலையில் குற்றம் தேடித் தேடி, ஒன்றும் கிடைக்காமல், இவனை இவன் கடவுள் விஷயத்தில்தான் மாட்டிவிட முடியும் என்ற முடிவுக்கு வந்தார்கள். சூப்பர்வைசர் குறைசொல்ல முடியாத வேலை என்பது அவனுடைய பக்தியில் ஒரு பங்கு. அங்கே நாடுகடத்தப்பட்டவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதிய கடிதமும், நீங்கள் இருக்கும் நகரத்தின் நன்மைக்காக ஜெபியுங்கள் என்கிறது. அந்த நகரம் அவர்கள் ஊரை எரித்த பாபிலோன்.

கடைசியாக, எச்சரிக்கையாக இருப்பது விசுவாசக் குறைவு என்று ஒரு பேச்சு உண்டு. இதுவும் வேலிக் கணக்கின் பிள்ளைதான். ஒரு ஊரில் துன்பப்படுத்தினால் அடுத்த ஊருக்கு ஓடுங்கள் என்று சொன்னவர் இயேசுவே. பவுல் தமஸ்குவில் கூடையில் உட்கார்ந்து மதில் வழியே இறங்கித் தப்பினார். எருசலேமில் சாட்டையடிக்குக் கட்டும்போது, நான் ரோமக் குடிமகன், விசாரிக்காமல் அடிக்கலாமா என்று சட்டம் பேசினார். பிறகு ரோமப் பேரரசனான ராயனிடமே மேல்முறையீடு செய்தார். நம் அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தன் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. பரப்பும் உரிமை மற்றவரை மதம் மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் எல்லையும் வகுத்தது. இரண்டையும் தெரிந்துவைத்துக்கொள்வது பவுல் செய்த வேலையின் தொடர்ச்சி.

பேதுரு தன் நிருபத்தில் இன்னொரு கணக்கும் வைக்கிறார். விசுவாசத்துக்காகப் பாடுபட்டால் சரி, கொலைகாரனாகவோ திருடனாகவோ பிறர் காரியத்தில் மூக்கை நுழைப்பவனாகவோ பாடுபட வேண்டாம் என்கிறார். அந்தப் பட்டியலில் கடைசியானவனைச் சேர்த்ததில்தான் அவருடைய அனுபவம் தெரிகிறது. சென்னையில் ஒரு பெந்தெகொஸ்தே சபைக்கும் பக்கத்துக் குடியிருப்போர் சங்கத்துக்கும் நடந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒலிபெருக்கி வைத்துப் பிறரின் அமைதியைக் கெடுத்துத்தான் ஜெபிக்க வேண்டும் என்று எந்த மதமும் சொல்லவில்லை என்று 2000-இல் தீர்ப்பு வந்தது. சபை தோற்றது. அது உபத்திரவம் இல்லை, சத்தம். ஊராட்சிப் பகுதியில் வழிபாட்டுக்கென்று கட்டடம் எழுப்ப மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும் என்பது 1997-ஆம் ஆண்டு ஊராட்சிக் கட்டட விதிகளிலிருந்தே உண்டு. ஆகவே வல்லத்திலோ மாத்தூரிலோ ஒரு மனை வாங்கி, ஜெபவீடு கட்டலாம் என்று பேசிக்கொண்டிருக்கும் சபையார், அஸ்திவாரத்துக்கு ஜெபிப்பதற்கு முன் ஆட்சியர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துவிட்டு, பக்கத்து வீட்டுக்காரரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவைப்பது நல்லது. மனு தள்ளுபடி ஆனால் மேல்முறையீடு இருக்கிறது.